யார் கைக்கு அளந்த பிடி

ஹவுன்ஸ்லோ, லண்டனுக்கு மேற்கே
1631 ஏப்ரல் 12

என் அன்பு யூட்டா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்கு என்று சொல்லிக் கிளம்பியவன் இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் நீ கரண்டியைத் தூக்கி எறிவாய். எறி. எறிந்துவிட்டு மேலே படி.

சோலிங்கனை விட்டு எந்த வாள் கொல்லனும் போகக் கூடாது என்று சங்கத்தின் முன்னால் கைதூக்கிச் சத்தியம் செய்தவன் நான். உன்னிடம் சொல்லியிருந்தால் நாளை அவர்கள் கேட்கும்போது நீயும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதுதான் உண்மையா என்று மட்டும் கேட்காதே.

பார்ஜிட்டர் என்று ஒருவர் இங்கே கால்வாய் ஓரம் ஆலை போட்டிருக்கிறார். நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். ஊரில் நான் அலகை அடித்துக் கொடுப்பதோடு சரி. காய்ச்சி முக்கி உரமேற்றும் தோய்ச்சலுக்கு ஒரு வீடு, சாணைக்கு ஒரு வீடு, பிடி போட ஒரு வீடு என்று அது தன் வழியே போய்விடும். இங்கே எல்லாம் என் தலையில். காய்ச்சித் தண்ணீரில் முக்கிய அலகெல்லாம் முதலில் ‘டிக்’, ‘டிக்’ என்று விரிசல் விட்டன. நம் ஆற்றுத் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறா, அல்லது நான்தான் வேறு ஆளாகிவிட்டேனா, தெரியவில்லை.

வந்த வாரமே பார்ஜிட்டர் ஒரு குத்துவாளை மேசைமேல் வைத்து, “இத மாதிரி பண்ணு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் குத்துவாளில் குறுக்குக் கம்பி இருக்கும், கட்டைவிரலைக் காக்க வளையம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் நிற மரத்தின் வேர்க்கட்டையில் ஒரே துண்டாகப் பிடி. அது அலகைச் சேரும் இடத்தில் இரண்டு உருண்டை. ஆம், நீ நினைப்பதேதான். கண்ணியமான ஆட்கள் இதை இடுப்பில் செருகிக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார்கள்.

“இது என்னய்யா?” என்றேன்.

“வாங்குறவனுக்குப் பிடிக்குது.”

“ஏன் பிடிக்குது?”

“அவன் தாத்தனுக்கும் பிடிச்சிருந்தது.”

கோடையில் கிளம்பி வந்துவிடு. கொலோனில் மீன் வியாபாரி விரிஷ் உன்னைப் படகு ஏற்றிவிடுவான். வரும்போது உன் அப்பாவின் நாரை முத்திரையைக் கொண்டு வா. அலகின் கழுத்தில் அந்த ஒற்றைக்கால் நாரை விழுந்துவிட்டால் போதும், லண்டனில் அதை அறியாத வியாபாரி இல்லை. உளி விரல் நீளம்தானே, பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக்கொள். துரு ஏறாமல் கொழுப்புத் தடவு. முத்திரை முகத்தில் அடி படாதபடி கம்பளியில் சுற்று. நாரையின் மூக்கு மிக மெல்லியது, எதன்மேலாவது இடித்தால் முனை மழுங்கிவிடும். உப்புக் காற்று ஆகாது, படகில் உள்பக்கமாக வைத்துக்கொள். வேறு யார் கையிலும் கொடுக்காதே.

உன்,
ரூட்கர்


சோலிங்கன்
1631 ஜூன் 20

அன்புள்ள ரூட்கருக்கு,

கரண்டியை எறியவில்லை. கையெல்லாம் மாவாக இருந்தது.

நலமாக இருக்கிறீர்கள் என்று அறிந்ததும் உட்கார்ந்து அழுதேன். ரைன் நதியில் மிதக்கிறீர்கள் என்றுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தேன். செத்துப்போனவருக்காக அழுதது வீணாகிவிட்டதே என்று கோபமாகவும் வந்தது. சந்தோஷத்தில் இப்படி ஒரு கோபம் உண்டா?

மூன்று ஞாயிறு தேவாலய வாசலில் சங்கத்தார் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். “ரூட்கர் வருக, வந்து பதில் சொல்லுக.” பின்னால் நின்ற கிழவர் ஒருவர், “கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்கப்பா, கடல் தாண்டிக் கேக்கணும்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

தம்பி டில்மன் அன்று மாலை வந்தான்.

“அக்கா, நெசமாவே ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாதுடா.”

“அது எப்படி? ஒரே கட்டில்ல படுத்தவதானே?”

அவன் முன்னால் ரொட்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வரவேண்டும் என்பதற்கு ஒரு வரி. முத்திரை எப்படி வரவேண்டும் என்பதற்குக் கால் பக்கம். அதற்குக் கம்பளி, கொழுப்பு, படகில் உள்பக்கம். எனக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள் என்றுகூட இல்லை. அப்பா அந்த நாரையை எனக்கு வைத்துவிட்டுப் போனார். என்னைக் கட்டிக்கொண்டதால் அதை நீங்கள் அடித்தீர்கள். இது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால்தான் ஒன்று கேட்கப்போகிறேன்.

இன்னொன்று. நாரை அங்கே ஒரு அலகில் விழுந்தால் இங்கே டில்மனின் உலை அணைந்துவிடும். நான் கொடுத்தனுப்பியதற்கு அவனும் உடந்தை என்பார்கள். அவன் அலகுக்குத் தோய்ச்சல் போட ஒருவரும் முன்வர மாட்டார்கள். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள்.

வா என்கிறீர்கள். யாரை?

யூட்டா


ஹவுன்ஸ்லோ
1631 செப்டம்பர் 3

அன்பு யூட்டா,

யாரை என்ற உன் கேள்வியோடு ஒரு மாதம் உலை முன்னால் நின்றேன். உன்னைத்தான். ஆனால் முத்திரையையும்தான். இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதலில் வந்த அன்று உன் அப்பா முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பிடிக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாய். எது முதலில் கண்ணில் பட்டது என்று இன்றைக்குக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

முத்திரை இல்லாத அலகைப் பார்ஜிட்டர் வாங்கிப் பார்க்கிறார். திருப்புகிறார். மறுபடி திருப்புகிறார். “இதுக்கு அப்பன் யாரு?” என்கிறார். பக்கத்து உலையில் நம்மூர் கிளெமென்ஸ் தனக்குச் சொந்தமில்லாத ஓநாய் முத்திரையை அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். “நாரை ஒண்ணு வெட்ட எவ்வளவு நேரம்டா ஆகும்? ஒரு உளி, ஒரு மத்தியானம். இதுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட கெஞ்சிட்டு உக்காந்திருக்க!” வெட்டத் தெரியும் எனக்கு. கைதான் போகவில்லை. இது நேர்மையா, பயமா, உன்மேல் இருக்கும் மரியாதையா, சொல்லத் தெரியவில்லை.

இத்துடன் விரிஷின் ஆள் ஒரு குத்துவாள் கொண்டுவருவான். உனக்குத்தான். அலகு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் முகடு விட்டு இருபக்கமும் குழிவாக இழைத்திருக்கிறேன். நுனியை மட்டும் நாற்பட்டையாகத் தடித்து விட்டேன், சங்கிலிச் சட்டையில் பட்டாலும் மடங்காது. தோய்ச்சல் என் கையால் போட்டது. தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயில் முக்கினேன். பிறகு தணலில் காட்டி, வைக்கோல் நிறம் போய்ப் புறாக்கழுத்து நிறம் வரும் நேரத்தில் எடுத்துவிட்டேன். வளைத்துப் பார், நிமிர்ந்து வரும். பிடியை எட்டுப் பட்டையாகச் செதுக்கி, அலகின் வாலை அதன் நடுவே மேல்வரை ஏற்றி, தலையில் தட்டி இறுக்கியிருக்கிறேன். ஊரில் நான் பிடியைத் தொட்டால் அபராதம். இங்கே தொட்டுவிட்டேன். அந்த உருண்டைகளைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

அலகின் கழுத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
ரூட்கர்


சோலிங்கன்
1631 நவம்பர் 16

அன்புள்ள ரூட்கருக்கு,

குத்துவாள் வந்து சேர்ந்தது. டில்மனின் மனைவி முன்னால் துணியைப் பிரித்துத் தொலைத்தேன். “ஐயோ அண்ணி, இது என்ன கருமம்!” என்று முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கு வழியே பார்த்தாள். அப்புறம் அவளே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வயிற்றில் குலுங்கக் குலுங்க இருவரும் சிரித்தோம். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று. அதற்கு நன்றி.

டில்மன் அலகை முழங்காலில் வைத்து வளைத்தான். நிமிர்ந்து வந்தது. நகத்தால் சுண்டினான், மணி போலக் கேட்டது. “அத்தானா தோய்ச்சல் போட்டாரு? நான் நம்ப மாட்டேன்” என்றான். ஆனால் முகத்தில் பெருமைதான். பிறகு அதை உடனே கிணற்றில் போடச் சொன்னான். நான் போடவில்லை.

அவர்கள் போனபின் நான் அதைப் பிடித்துப் பார்த்தேன்.

ரூட்கர், என் கை உங்களுக்குத் தெரியும். அகலமான கை. பதின்மூன்று வயதிலிருந்து பிடிகளுக்குக் கம்பி முறுக்கிச் சுற்றிய கை. இந்தப் பிடியில் என் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. மேலே அகலும் பட்டை உள்ளங்கையில் அறுக்கிறது. உங்கள் கைக்குச் செய்து பார்த்ததோ என்றால் அதுவும் இல்லை, உங்கள் கைக்கு இது ஒரு கரண்டிக் காம்பு. அவசரத்தில் வந்த பிழையும் இல்லை. ஒவ்வொரு பட்டையும் ஒரே கைக்கு என்று அளந்து இழைத்தது. சின்னக் கை. ஒல்லியான, நீளமான விரல்கள்.

இது யாருடைய கை?

வேறு செய்தி: ஸ்பானியப் படை கடந்து போயிற்று. பன்றியைக் காட்டில் ஒளித்துவைத்தோம். முட்டைக்கோசைக் கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் குளிர்காலக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை.

யூட்டா


ஹவுன்ஸ்லோ
1632 பிப்ரவரி 8

யூட்டா,

மறைக்காமல் எழுதுகிறேன். எழுதினால் எனக்காவது விளங்குமா பார்க்கலாம்.

தாமசின் என்ற விதவையின் வீட்டில் தங்கியிருக்கிறேன். உனக்கென்று பிடி செதுக்க உட்கார்ந்தபோது உன் கையை நினைத்துப் பார்த்தேன். உன் முகம் வந்தது. குரல் வந்தது. கோபத்தில் நீ பாத்திரம் கழுவும் சத்தம்கூட வந்தது. கை வரவில்லை. என்ன முயன்றும் வரவில்லை. தாமசின் பக்கத்தில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் கையக் குடும்மா” என்றேன்.

“எதுக்கு?”

“என் பொண்டாட்டிக்குக் கத்தி செய்றேன்.”

“உன் பொண்டாட்டி கத்திக்கு என் கை எதுக்கு?”

அவளுக்கு உடனே விளங்கியது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கிற்று. ஒரு நூலால் அளந்துகொண்டேன். செதுக்கியபின் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மறுநாள் அதற்குத் தேவை இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதும்போது இந்த இறகு ஏன் இப்படிக் கனக்கிறது?

காலுறை அனுப்பு. அனுப்பாவிட்டாலும் பின்னினாயே, அது போதும்.

ரூட்கர்


சோலிங்கன்
1632 ஏப்ரல் 2

ரூட்கருக்கு,

இந்தத் தாளின் மேல்பாதியில் இருப்பது என் கை. மேசையில் தாளை விரித்து, கையை வைத்து, மையால் சுற்றி வரைந்தேன். இடக்கையால் வரைந்ததால் கோடு நடுங்கியிருக்கிறது. கை நடுங்கவில்லை.

கோபமாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நீங்கள் மறைத்திருந்தால் திட்டியிருப்பேன். எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு திட்டுவது? உங்கள் கட்டைவிரல் எப்படி இருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அதில் இருக்கும் தழும்பு எந்தக் கையில் என்பது எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

சங்கத்துப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். நல்லபடியாகத்தான். “புருஷன்கிட்ட போறதுன்னா போம்மா, நாங்க தடுக்கல. முத்திரை ஊரைவிட்டுப் போகாது, அவ்வளவுதான்.”

ஆகவே ஒரே ஒரு கேள்வி. முத்திரை இல்லாமல், நான் மட்டும் வரட்டுமா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். கம்பளி, கொழுப்பு எதுவும் வேண்டாம்.

யூட்டா

காலுறையை விரிஷிடம் கொடுத்திருக்கிறேன்.


ஹவுன்ஸ்லோ
1632 ஜூலை 1

என் யூட்டா,

ஆம். வா. நீ மட்டும் வா. முத்திரை வேண்டாம்.

இதோடு நிறுத்தச் சொன்னாய். நிறுத்திவிட்டால் நான் உன்னை ஏமாற்றியவன் ஆவேன்.

ஒரு பிரபுவின் வீட்டு ஆட்களுக்கெல்லாம் ஒரே மாதிரி குத்துவாள் வேண்டும் என்று ஆலைக்கு வேலை வந்தது. சோலிங்கன் முத்திரை இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். பார்ஜிட்டர் என் உலைக்கு வந்து நின்றார். “பேரில்லாத கத்திய எவன் வாங்குவான்? நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இல்லன்னா இந்த அடுப்பு வேற ஆளுக்கு.” அன்று மத்தியானம் உட்கார்ந்து நாரையை வெட்டினேன். முத்திரையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் அல்லவா? மறந்துவிட்டேன். நினைவில் இருந்தபடியே வெட்டினேன். அலகில் விழுந்தபோது பார்த்தால் உன் அப்பாவின் நாரை இடப்பக்கம் பார்க்கும், என் நாரை வலப்பக்கம் பார்க்கிறது. இத்தனை வருடம் அடித்தவனுக்கு இது மறக்குமா? மறந்ததா, கை தானாகவே மாற்றிக்கொண்டதா என்று தெரியவில்லை. இங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றிலும் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பா, பின்பா என்று கேட்பாய். முன்பு. ஒரு வாரம் முன்பு.

முத்திரை கையில் வந்தபிறகு முத்திரை வேண்டாம் என்று எழுதுவது சுலபம்தானே என்பாய். வெட்டாமல் இருந்திருந்தாலும் நீ மட்டும் வா என்றுதான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் சத்தியம் செய்ய எனக்கு வாயில்லை. நான் செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும்.

தாமசின் வீட்டை விட்டுவிட்டேன். ஆலையிலேயே படுக்கிறேன். நீ வரைந்த கையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதை வைத்து மூன்று பிடி செதுக்கினேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் திருப்தி வரவில்லை.

வா.

ரூட்கர்


டார்ட்ரெக்ட்
1632 அக்டோபர் 9

அன்புள்ள ரூட்கருக்கு,

ஊரின் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். நானும் தினமும் காலையில் எழுந்ததும் திகைக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்கள் குத்துவாள் ஒன்று எப்படியோ கொலோன் சந்தைக்கு வந்து, அங்கிருந்து சங்கத்தின் மேசைக்கு வந்துவிட்டது. டில்மனைக் கூப்பிட்டார்கள். அவன் குழந்தை இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. வெளுத்துப்போன முகத்தோடு என்னிடம் ஓடிவந்தான். நான் முத்திரையை எடுத்துக்கொண்டு அவனோடு போனேன்.

பெரியவர் கத்தியை என் முன்னால் தள்ளினார். “இது யாரு வீட்டு நாரை?”

மெழுகு கேட்டேன். கொடுத்தார்கள். அப்பாவின் முத்திரையை அதில் அழுத்தி, கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். “எங்க நாரை இந்தப் பக்கம் பாக்கும். இது அந்தப் பக்கம் பாக்குது. நீங்களே பாருங்க.”

வெகுநேரம் பார்த்தார்கள். சாளரத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். “அப்போ இது ஒங்க வீட்டுது இல்லைங்கற?”

“எங்க வீட்டுது இல்ல.”

டில்மனை விட்டுவிட்டார்கள். நான் சொன்னது பொய்யா, உண்மையா? பொய் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். சொல்லி முடித்தபோது அது உண்மையாக இருந்தது. உங்கள் தோய்ச்சல், உங்கள் இழைப்பு, எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் அந்தக் கத்தி எங்கள் வீட்டுக் கத்தி இல்லை.

அங்கேயே முத்திரையை டில்மன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாசலில் வந்து அவன் அழுதான்.

“இத எங்கிட்ட குடுத்துட்டு நீ எங்கக்கா போவ?”

“தெரியலடா.”

“அத்தான்கிட்டயா?”

“அதான்டா தெரியல.”

உங்கள் ‘நீ மட்டும் வா’ என்ற வரிக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். வந்துவிட்டது. நம்புகிறேன். நம்பி முடிப்பதற்குள் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் கண்ணில் படுகிறது. நீங்கள் மறைத்திருந்தால் நிம்மதியாக ஏமாந்திருப்பேன். இப்படி உண்மையைச் சொல்லி என்னைத் தவிக்கவிட உங்களால்தான் முடியும்.

ஆனாலும் கிளம்பினேன். விரிஷ் ரைன் வழியே இந்தத் துறைமுக ஊர் வரை கொண்டுவந்து விட்டான். இங்கிலாந்துக் கப்பல் துறையில் நின்றது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். ஏறச் சொல்லிக் கத்தினார்கள். எழுந்தேன். கப்பலைப் பார்த்து நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன், கால் ஊருக்குள் போயிற்று. கப்பல் போனபின் மறுபடி துறைக்கு வந்து நின்று அழுதேன். இதற்கு எனக்கு அர்த்தம் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தாலும் எழுத வேண்டாம்.

இங்கே வாள்களுக்குப் பிடி போடும் ஒருவரிடம் கம்பி சுற்றுகிறேன். பித்தளையும் இரும்பும் சேர்த்து முறுக்கிச் சுற்றச் சொல்கிறார், மேலும் கீழும் முடிச்சு. என் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கயிறு திரிப்பவரின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஈரம்தான், ஆனால் வெளிச்சம் நன்றாக வருகிறது. ஹெரிங் மீன் தின்று தின்று வெறுத்துவிட்டது.

பட்டறைக்காரருக்கு அலகு அடிக்க ஆள் வேண்டுமாம். நீங்கள் செய்து அனுப்பிய அந்தக் குத்துவாளைக் காட்டினேன். பிடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அலகைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். “யாரிவன்?” என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். சொல்லும்போது வாய் தடுமாறவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீங்கள் வந்து அடித்தால் பட்டறைக்காரருடைய முத்திரைதான் விழும். நாரை கிடையாது, இந்தப் பக்கம் பார்ப்பதும் கிடையாது, அந்தப் பக்கம் பார்ப்பதும் கிடையாது. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கூலிக்கு அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுத எழுத நாம் இரண்டு பேருமே குழம்பிப்போகிறோம். மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்து, கயிற்றுக்காரர் வீடு, வெளிப்படிக்கட்டு ஏறி வர வேண்டும். வருவதானால் வாருங்கள். கதவைத் தட்டினால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் திறப்பேன்.

யூட்டா